ஓராண்டு கத்தி பிடிக்காவிட்டால்? பெருந்தொற்றும் அறுவை மருத்துவப் பயிற்சியும்



2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். உங்களில் பலர் அப்போது தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பள்ளி மூடியது, தோட்டத்துக் கோயில் திருவிழா தள்ளிப்போனது, அம்மாவின் கைப்பேசியில் பாடம் நடந்தது. இவையெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே காலத்தில் நம் நாட்டு மருத்துவமனைகளிலும் ஒன்று பெருமளவு நின்றுபோனது: அவசரமில்லாதவை எனக் கருதப்பட்ட அறுவை சிகிச்சைகள்.

என் மாமா ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். பல ஆண்டுகளாகப் பாரம் தூக்கியதால் அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. அடிவயிற்றுத் தசை பலவீனமான இடத்தில் குடல் வெளியே பிதுங்கும் நோய் அது. அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். தேதிக்குச் சில நாள் முன்பு தொலைபேசி வந்தது: "இப்போதைக்கு வர வேண்டாம், பிறகு சொல்கிறோம்." அந்த 'பிறகு' வர ஓராண்டுக்கு மேல் ஆனது.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அறுவை டாக்டராகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்போது என்ன ஆனது? நாங்கள் வீட்டிலிருந்து கூகல் மீட்டில் படித்தோம். அவர்கள் வீட்டிலிருந்து அறுவை கற்க முடியுமா?"

நல்ல கேள்வி. இந்த வாரக் கட்டுரை அதற்கான பதில்தான்.

நிபுணராக எத்தனை ஆண்டு?

முதலில் பாதையைப் பார்ப்போம். எஸ்பிஎம் முடித்து, எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது அடித்தளக் கல்வி. பிறகு ஐந்து ஆண்டு மருத்துவப் பட்டம். அதன்பின் இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவராக, 'ஹவுஸ்மன்' என்று நாம் சொல்லும் வேலை. சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் காலையில் வார்டு வார்டாக ஓடும் இளம் மருத்துவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்.

ஹவுஸ்மன் முடிந்ததும் மருத்துவ அதிகாரியாகச் சில ஆண்டுகள். பின்னர் விண்ணப்பித்து இடம் கிடைத்தால், மலாயா பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவற்றில் அறுவை மருத்துவ முதுகலை. அது நான்கு ஆண்டு. இங்கிலாந்து அரச அறுவை மருத்துவக் கல்லூரிகளின் தேர்வுகளை எழுதி நிபுணராகும் வழியும் சில துறைகளில் உண்டு. குடல், கல்லீரல், மார்பகம் என்று ஒரே உறுப்பில் தேர்ச்சி பெற விரும்பினால் மேலும் சில ஆண்டுகள்.

கூட்டிப் பாருங்கள். எஸ்பிஎம் எழுதிய பதினேழு வயதுப் பிள்ளை நிபுணராகும்போது வயது முப்பத்து மூன்றைத் தாண்டிவிடும். இந்த நீண்ட பாதையில் நான்கு ஆண்டு முதுகலைக் காலம்தான் மிக முக்கியமானது. கையில் கத்தி வருவது அங்கேதான். அந்த நான்கில் ஒன்றையோ இரண்டையோ கோவிட்-19 விழுங்கியது.

கை எப்படிக் கற்கிறது?

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். அவர் சொன்னதை இங்கே சொன்னால் எளிதாகப் புரியும்.

இரப்பர் மரத்தின் பட்டையில், கேம்பியம் என்ற வளரும் அடுக்குக்கு மிக அருகில்தான் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். சற்று ஆழமாகப் போனால் கேம்பியத்தில் காயம் படும். அந்த இடத்தில் பட்டை கட்டிகட்டியாக வளரும், மறுபடி வெட்ட முடியாது. இடையில் இருக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதிகாலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் பாட்டி அந்த அளவைப் பிடித்தார். எப்படி என்று கேட்டால், "கைக்குத் தெரியும்" என்பார்.

உண்மையில் தெரிந்தது கைக்கு அன்று, மூளைக்கு. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளைப்புறணியிலும் சிறுமூளையிலும் அந்தச் செயலுக்கான நரம்பு இணைப்புகள் வலுப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் 'நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று' என்ற வேறுபாட்டைச் சிறுமூளை கணக்கிட்டு, அடுத்த முறை அசைவைத் திருத்துகிறது.

ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967இல் இதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம். தவறு நிறைய வரும். இரண்டாம் கட்டத்தில் அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன, தவறு குறைகிறது. மூன்றாம் கட்டத்தில் யோசிக்காமலே வருகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அண்ணனைக் கேளுங்கள்; இந்த மூன்றையும் அவரே விவரிப்பார்.

அறுவை மருத்துவருக்கு மூன்றாம் கட்டம் ஏன் வேண்டும்? முடிச்சுப் போடுவது எப்படி என்று கை யோசித்துக்கொண்டிருந்தால், 'இந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது?' என்று மூளை யோசிக்க இடம் இருக்காது. கை தானாக வேலை செய்தால்தான் மனம் நோயாளியைக் கவனிக்கும்.

அந்தக் கட்டத்தை அடைய மூன்று பொருள்கள் தேவை: நிறைய வாய்ப்பு, அருகில் நின்று திருத்தும் ஆசான், அதிக இடைவெளி விடாத தொடர்ச்சி. 1889இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிய பயிற்சி முறையிலிருந்து இன்று வரை உலகெங்கும் அறுவைப் பயிற்சி இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது. பயிற்சி பெறும் மருத்துவர் ஒவ்வோர் அறுவையையும் ஒரு பதிவேட்டில் எழுதுவார்: பார்த்தேன், உதவினேன், ஆசான் முன்னிலையில் செய்தேன், தனியாகச் செய்தேன்.

பெருந்தொற்று இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்கியது.

மூடிய கதவுகள்

முதல் கதவு, அறுவைகளின் எண்ணிக்கை. கோவிட் நோயாளிகளுக்குச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் தேவைப்பட்டன. அவற்றை இயக்கத் தெரிந்த மயக்கவியல் மருத்துவர்களும் தாதியரும்தான் அறுவைக்கூடத்துக்கும் வேண்டும். ஆகவே அறுவைக்கூடம் காத்திருந்தது.

இதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு 2020 மே மாதம் தி லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோவிட் தொற்று இருந்த நிலையில் அறுவை செய்துகொண்ட 1,128 பேரில் 23.8 விழுக்காட்டினர் முப்பது நாட்களுக்குள் இறந்திருந்தனர். ஏறத்தாழ நான்கில் ஒருவர். தள்ளிவைக்கக்கூடிய அறுவையைத் தள்ளிவைப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு என்பது தெளிவானது. உலகம் முழுவதும் நெருக்கடி உச்சத்தில் இருந்த பன்னிரண்டு வாரங்களில் மட்டும் 28.4 மில்லியன் அறுவைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று அதே குழு மதிப்பிட்டது. நம் நாட்டின் மக்கள்தொகையைவிடச் சற்றே குறைவான எண் அது!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். தள்ளிப்போனவை எவை? குடலிறக்கம், பித்தப்பைக் கல், தைராய்டுக் கழலை போன்றவை. இவை அவசரமற்றவை, ஆனால் புதியவர் கற்பதற்கு ஏற்றவையும் இவையே. நோயாளி நிலையாக இருப்பார், நேரம் இருக்கும், ஆசான் பொறுமையாகச் சொல்லித்தருவார். கணிதத்தில் நேரடிக் கணக்குகளைப் போட்டுப் பழகிவிட்டுத்தானே சுற்றி வளைத்த கணக்குக்குப் போவோம்? நேரடிக் கணக்குகள் எல்லாம் புத்தகத்திலிருந்து கிழிக்கப்பட்டுவிட்டது போன்ற நிலை.

இரண்டாம் கதவு, அறுவைக்கூடத்தில் இடம். அறுவை நடந்தாலும், உள்ளே இருப்போர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. தொற்று அபாயம் ஒருபுறம், பாதுகாப்பு உடைத் தட்டுப்பாடு மறுபுறம். அனுபவம் உள்ளவர் செய்தால் சீக்கிரம் முடியும். எனவே கற்பவர் வெளியே நின்றார். உள்ளே இடம் கிடைத்தவருக்கும் இரண்டு அடுக்குக் கையுறை, பனி படியும் முகக்கவசத் தடுப்பு. ஆசான் மெல்லச் சொல்லும் "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்ற சொல் காதில் விழாது.

மூன்றாம் கதவு, வேலை மாற்றம். அறுவை கற்றுக்கொண்டிருந்தவர்கள் கோவிட் வார்டுக்கும் பரிசோதனை மையங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2021 ஆகஸ்ட் 26 அன்று மலேசியாவில் ஒரே நாளில் 24,599 தொற்றுகள் பதிவாயின. அந்த நாட்களில் எந்த மருத்துவரும் 'இது என் துறை இல்லை' என்று சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. அவர்கள் செய்தது உயிர் காக்கும் வேலை. ஆனால் மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுப்பதால் குடலைத் தைக்கும் திறன் வளராது.

நான்காவது, நுண்துளை அறுவை பற்றிய தயக்கம். லேப்பராஸ்கோப்பி எனப்படும் இந்த முறையில் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, சிறு துளைகள் வழியே கருவிகளை விடுவார்கள். அந்த வாயு வெளியேறும்போது நச்சுயிரியும் காற்றில் பரவுமோ என்ற அச்சம் 2020இன் தொடக்கத்தில் இருந்தது. அதனால் பல நாடுகளில் இம்முறையைத் தவிர்க்கவோ மிகக் கவனமாகக் கையாளவோ அறிவுறுத்தினார்கள். இளம் மருத்துவர்கள் மிகவும் பழக வேண்டிய முறை அதுதான்.

தேர்வுகளும் தப்பவில்லை. நம் மருத்துவர்கள் பலர் எழுதும் இங்கிலாந்து அரச அறுவை மருத்துவக் கல்லூரிகளின் தேர்வுகள் 2020இல் ரத்தாயின, தள்ளிப்போயின. இந்தியாவில் 2021 ஏப்ரல் 18 அன்று நடக்க இருந்த முதுகலை மருத்துவ நுழைவுத் தேர்வு செப்டம்பர் 11 அன்றுதான் நடந்தது. சேர்க்கை அடுத்த ஆண்டுக்குச் சென்றது. புதியவர்கள் வராததால், தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருந்த முதுகலை மாணவர்களே கூடுதல் சுமையைத் தாங்கினார்கள். நம் நாட்டில் 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடங்களிலிருந்து வெளியே வந்து நின்றது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, நிபுணத்துவப் பயிற்சிக்குச் சமவாய்ப்பு. அந்தச் சிக்கல் 2016இல் ஒப்பந்த முறை வந்ததிலிருந்தே இருந்தது. பெருந்தொற்று அதை எல்லார் கண்ணிலும் படவைத்தது.

ஒரே அறுவை, இரண்டு இழப்பு

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். இவை மருத்துவமனைப் புள்ளிவிவரம் அல்ல. புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

ஒருவர் மாதம் 4 குடலிறக்க அறுவை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு என்பது 48 மாதம். 48 × 4 = 192 அறுவை. இதில் ஓராண்டு மட்டும் மாதத்துக்கு 1 ஆகக் குறைந்தால்? 36 மாதத்தில் 144, மீதி 12 மாதத்தில் 12. மொத்தம் 156. இழந்தது 36, அதாவது ஏறத்தாழ 19 விழுக்காடு.

'ஐந்தில் ஒரு பங்குதானே' என்று தோன்றலாம். ஆனால் அந்த 36 அறுவை காகிதத்தில் இருக்கும் எண் அன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வலியோடு காத்திருக்கும் ஒருவர் இருக்கிறார், என் மாமாவைப் போல. நோயாளி இழந்த அறுவையும் கற்பவர் இழந்த அறுவையும் ஒன்றேதான். அது இரண்டு இடத்தில் இழப்பாகப் பதிவாகிறது.

அடுத்து வருவதுதான் சிக்கலான பகுதி. மருத்துவமனை மறுபடி திறக்கிறது. காத்திருப்போர் பட்டியல் நீண்டு கிடக்கிறது. நிபுணர் தானே செய்தால் ஒரு நாளில் கூடுதல் பேருக்கு முடிக்கலாம். கற்பவர் செய்தால் நேரம் பிடிக்கும்; அன்று சிலர் திரும்பிப் போக வேண்டியிருக்கும். இன்றைய நோயாளிக்காக வேகமா, நாளைய நோயாளிக்காகப் பயிற்சியா? இரண்டுமே நியாயமான தேவைகள். எளிய விடை இல்லை.

எந்த ஆண்டு போனது என்பதும் முக்கியம். முதலாண்டில் இருந்தவருக்கு ஈடுகட்ட இன்னும் மூன்று ஆண்டு உண்டு. இறுதியாண்டில் இருந்தவருக்கு? தேர்வு வாசலில் நின்றுகொண்டிருந்தவரின் கை, பல மாதம் அந்தக் கருவியைத் தொடவே இல்லை. பயன்படுத்தாத திறன் மங்கும். சைக்கிள் ஓட்டுவதுபோல எளிதில் மறக்காதவையும் உண்டு. ஆனால் வரிசையாகப் பல படிகள் கொண்ட நுணுக்கமான வேலைகள் விரைவாகவே தடுமாறத் தொடங்கும்.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளான நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. நிபுணர்கள் குறையும்போது முதலில் காத்திருப்பவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் பணம் கட்ட முடியாதவர்கள். பகாவிலிருந்தோ கெமாஞ்சேயிலிருந்தோ அதிகாலையில் கிளம்பி அரசு மருத்துவமனையில் எண் எடுத்து உட்காருபவர்கள்.

நம் மாநிலத்திலிருந்து ஒரு பாடம்

பெருந்தொற்று எல்லா மருத்துவப் பயிற்சியையும் நிறுத்துமா? இல்லை. இதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

1998 இறுதியில் ஈப்போ பகுதியில் தொடங்கி, போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்கு வந்த மூளைக்காய்ச்சலைப் பற்றி உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் அந்த நச்சுயிரியைப் பிரித்தெடுத்தவர் டாக்டர் சுவா காவ் பிங். அப்போது அவர் நச்சுயிரியலில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மருத்துவர். மாதிரி கொடுத்த நோயாளியின் ஊர் கம்போங் சுங்கை நிப்பா. அதனால்தான் உலகம் முழுவதும் அந்தக் கிருமிக்கு 'நிப்பா' என்று பெயர்.

நச்சுயிரியல் பயில்பவருக்குத் தொற்றுநோய் ஒரு பெரிய பள்ளிக்கூடமாக அமைந்தது. அறுவை பயில்பவருக்கு அதே போன்ற நிகழ்வு மூடிய கதவு. 2003இல் கனடாவின் டொரொந்தோ நகரில் சார்ஸ் பரவியபோதும் திட்டமிட்ட அறுவைகள் நிறுத்தப்பட்டன. ஆக, அறுவைப் பயிற்சி தொற்றுக் காலத்தில் அடிபடும் என்பது முன்பே தெரிந்த செய்திதான். கோவிட் அதை உலக அளவில், இரண்டு ஆண்டுக்குக் காட்டியது.

கிழட்டு மரமும் பயிற்சிப் பெட்டியும்

பாட்டி சொன்ன இன்னொரு செய்தி: புதிதாக வருபவர் கையில் நல்ல மரத்தைக் கொடுக்க மாட்டார்கள். வெட்டிச் சாய்க்கப் போகும் கிழட்டு மரத்தில்தான் முதலில் பழக்குவார்கள். காயம் பட்டாலும் நட்டமில்லை.

மருத்துவத்திலும் அப்படி ஒரு 'கிழட்டு மரம்' உண்டு. அதன் பெயர் பயிற்சிப் பெட்டி. ஒரு பெட்டி, மேலே துளைகள், உள்ளே ஒரு கேமரா, வெளியே ஒரு திரை. துளை வழியே நீண்ட கருவிகளை விட்டு, திரையைப் பார்த்தபடி உள்ளே இருக்கும் சிறு பொருள்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்ற வேண்டும், துணியை வட்டமாக வெட்ட வேண்டும், முடிச்சுப் போட வேண்டும்.

இது ஏன் கடினம்? படிவம் இரண்டில் 'துவாஸ்' என்று நெம்புகோல் படித்தீர்களே, அதுதான் காரணம். கருவி வயிற்றுச் சுவரின் துளை வழியே போகிறது. அந்தத் துளையே தாங்குபுள்ளி. கை ஒரு பக்கம், கருவியின் நுனி மறுபக்கம். ஆகவே கை வலப்பக்கம் போனால் நுனி இடப்பக்கம் போகும். கை மேலே போனால் நுனி கீழே போகும். கருவி எவ்வளவு நீளம் உள்ளே இருக்கிறது என்பதைப் பொறுத்து அசைவின் அளவும் மாறும். கூடவே, முப்பரிமாண வயிற்றைத் தட்டையான திரையில் பார்க்க வேண்டும். மூளை இதையெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

பெட்டியில் பழகியது உண்மையான நோயாளியிடம் பலன் தருமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பயிற்சியில் இருந்த பதினாறு மருத்துவர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் கணினி மெய்நிகர் கருவியில் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு இரு குழுவும் பித்தப்பை அறுவை செய்தபோது, பயிற்சி பெற்றவர்கள் 29 விழுக்காடு வேகமாகச் செய்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையையோ அருகிலுள்ள திசுவையோ காயப்படுத்த ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

கோவிட் காலத்தில் இந்த வழி இன்னும் மதிப்புப் பெற்றது. அறுவைக் காணொளிகளை இணையம் வழியாகப் பார்த்துப் பேசும் வகுப்புகள் பெருகின. எனினும் பெட்டிக்கு இரத்தம் வராது, பெட்டி மூச்சு விடாது, நடு அறுவையில் பெட்டியின் இரத்த அழுத்தம் இறங்காது. கிழட்டு மரத்தில் மட்டுமே பழகியவர் ஒரு நாள் நல்ல மரத்தின் முன் நின்றுதான் ஆக வேண்டும், அருகில் அனுபவசாலி ஒருவரோடு.

எண்ணிக்கையா, திறனா?

நாடுகள் இந்த இழப்பை எப்படிச் சமாளித்தன? அமெரிக்காவில் பொது அறுவைப் பயிற்சி முடிப்பவர் குறைந்தது 850 அறுவை செய்திருக்க வேண்டும். 2020இல் முடித்தவர்களுக்குப் பத்து விழுக்காடு குறைந்தாலும் ஏற்பதாக அந்நாட்டு அறுவை மருத்துவ வாரியம் அறிவித்தது. இங்கிலாந்தில் 'பெருந்தொற்றால் தாமதம். இவர் மீது தவறில்லை' என்று குறிக்கும் ஒரு புதிய மதிப்பீட்டு முடிவையே உருவாக்கி, தேவைப்பட்டோருக்குப் பயிற்சிக் காலத்தை நீட்டித்தார்கள்.

இரண்டுக்கும் பின்னால் ஒரே கேள்வி: ஒருவர் தயாரா என்பதை எதை வைத்து முடிவுசெய்வது? கழிந்த ஆண்டுகளை வைத்தா, செய்த எண்ணிக்கையை வைத்தா, கையில் இருக்கும் திறனை வைத்தா? ஒருவர் நூறில் கற்பதை இன்னொருவர் அறுபதில் கற்கலாம். ஆகவே ஆசான் நேரில் பார்த்து, படிப்படியாக மதிப்பெண் இட்டு, திறனை அளக்கும் முறைக்கு அறுவைக் கல்வி முன்பே நகரத் தொடங்கியிருந்தது. பெருந்தொற்று அந்த நகர்வை அவசரமாக்கியது.

கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும். கோவிட் வந்து எவ்வளவு நாள் கழித்து அறுவை செய்யலாம் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. 116 நாடுகளில் 140,231 நோயாளிகளின் தகவலைத் திரட்டி, ஏழு வாரமாவது பொறுப்பது நல்லது என்று 2021இல் கண்டறிந்தார்கள். அந்தத் தகவலைத் திரட்டியவர்களில் ஏராளமானோர் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள். கத்தி பிடிக்க முடியாத காலத்தில் அவர்கள் பேனா பிடித்தார்கள்.

மாமாவின் கதைக்கு வருகிறேன். ஓராண்டு கழித்து அழைப்பு வந்தது. வார்டில் ஓர் இளம் மருத்துவர் வந்து, நிபுணர் அருகில் இருக்க, தானே அறுவை செய்யப் போவதாகச் சொல்லி ஒப்புதல் கேட்டார். இந்த அறுவையைச் செய்து பல மாதம் ஆகிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. மாமா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நானும் ஒரு காலத்துல குலை வெட்டத் தெரியாமதான் தோட்டத்துக்கு வந்தேன். பெரியவர் பக்கத்துல நிக்கிறாருல்ல, செய்யுங்க தம்பி" என்றார்.

அறுவை நன்றாக முடிந்தது. அந்த மருத்துவரின் பதிவேட்டில் ஒரு வரி கூடியது. அடுத்தவர் அவரிடம் கற்றுக்கொள்ள, அந்த வரியும் உதவியிருக்கும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: மூடியுள்ள ஒரு காலணிப் பெட்டி, இரண்டு சாத்தே குச்சிகள், பத்து இரப்பர் வளையங்கள், ஒரு சிறு கிண்ணம், கைப்பேசி.

1. பெட்டி மூடியில் ஒரு சாண் இடைவெளியில் இரு சிறு துளைகள் இடுங்கள். குச்சிகளின் கூர்முனையை வெட்டிவிட்டு உள்ளே விடுங்கள்.

2. பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, கைப்பேசிக் கேமராவை அங்கே நிறுத்துங்கள். திரையை மட்டும் பாருங்கள். பெட்டிக்குள் நேராகப் பார்க்கக் கூடாது.

3. குச்சிகளால் பத்து வளையங்களையும் கிண்ணத்தில் போடுங்கள். நண்பர் நேரம் குறிக்கட்டும்.

4. நாளுக்கு இரு முறை, ஐந்து நாள் செய்யுங்கள். முயற்சி எண்ணைக் கிடை அச்சிலும் நேரத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்து வரைபடம் வரையுங்கள். கிடைக்கும் கோடுதான் கற்றல் வளைவு.

5. பிறகு மூன்று வாரம் பெட்டியைத் தொடாதீர்கள். மறுபடி ஒரு முறை செய்து, அந்தப் புள்ளியையும் குறியுங்கள்.

கடைசிப் புள்ளி எங்கே விழுகிறது? பழைய நேரத்துக்குத் திரும்ப எத்தனை முயற்சி தேவைப்படுகிறது? வரைபடத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். என் மாணவி கேட்ட கேள்விக்கான பதில் உங்கள் கையாலேயே உங்களுக்குக் கிடைத்திருக்கும்.